‘ஜெய்’ என்று சொல்பவரிடம் ஆப்ரிக்கான்ஸ் கற்கலாமா?

பார்ல்_பாரதி: நேற்று வேறொரு இழையில் ஒரு பெரியவர் திருவாய் மலர்ந்திருந்தார்: “கேப் டவுன் பக்கத்து ஆளிடம் ஆப்ரிக்கான்ஸ் படிக்காதே, ‘நீ’ என்று சொல்ல ‘ஜெய்’ என்பான், அவன் தாய்மொழிக்காரனே இல்லை.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நான் தென்னாப்பிரிக்காவில், கேப் டவுனுக்கு அருகே உள்ள பார்ல் ஊரில் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வரும் முதியவர்கள் பலருக்கு இந்த நாட்டு மொழியான ஆப்ரிக்கான்ஸில்தான் பேச்சு சரளமாக வரும். அதற்காகவே வாரம் 2 நாள் தனி வகுப்பு. என் டீச்சர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் நாளே புத்தகத்தை மூடிவிட்டு, “நோயாளியிடம் முதலில் என்ன கேட்பாய்?” என்றார். எங்கே வலிக்கிறது என்று கேட்பேன் என்றேன். “வார் இஸ் டிட் சியர்?” அதுதான் பாடம் ஒன்று. இவர் தாய்மொழிக்காரர் இல்லையாம்!

பிரிட்டோரியா_பெருமாள்: அந்தப் பெரியவர் நான்தான் தங்கச்சி, பேரைச் சொல்லியே திட்டலாம். 11 வருஷமாக இங்கே இருக்கிறேன். ‘நீ’ என்பதற்கான சொல்லை ‘யெய்’ என்றுதான் உச்சரிக்க வேண்டும். ‘ஜெய்’ என்பது கேப் டவுன் தெருப்பேச்சு. காசு கொடுத்து யாராவது மெட்ராஸ் பாஷை கற்பார்களா?

வடசென்னை_வேலு: மெட்ராஸ் பாஷை உங்களை என்ன செய்தது சார்? தென்னாப்பிரிக்கச் சண்டையில் ராயபுரத்துக்கு ஏன் அடி விழுகிறது?

பார்ல்_பாரதி: முதலில், தங்கச்சி எல்லாம் வேண்டாம். இரண்டாவது, அதற்குத் தெருப்பேச்சு என்று பெயரில்லை, காப்ஸ் என்று பெயர், கேப் டவுன் பகுதியின் ஆப்ரிக்கான்ஸ் வழக்கு. 2021ல் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம் அதற்கு மும்மொழி அகராதி போடும் வேலையையே தொடங்கியது. ஆப்ரிக்கான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் பாதிக்கு மேல் வெள்ளையர் அல்லாதவர்கள். அவர்களுக்கெல்லாம் நீங்கள் சான்றிதழ் கொடுக்க வேண்டுமா?

பிரிட்டோரியா_பெருமாள்: அகராதி போட்டால் சரியாகிவிடுமா? எழுத்தைப் பாருங்கள். ‘யெய்’. இதற்கு மட்டும் பதில் வரவில்லை.

ராட்டர்டாம்_ராஜன்: வேடிக்கையாக இருக்கிறது. டச்சு தெரிந்தவனுக்கு இந்த வகுப்பே வீண் செலவு. ஆப்ரிக்கான்ஸ் என்பது இலக்கணம் உதிர்ந்த டச்சு, அவ்வளவுதான். நான், நீ, அவன் எல்லாருக்கும் ஒரே வினை வடிவம். ஒரு வாரம் போதும். டச்சிலும் ‘யெய்’தான். இந்த ஒரு விஷயத்தில் பெருமாள் சொல்வது சரி.

பார்ல்_பாரதி: ஒரு வாரமா? என் நோயாளி “ஆம்பர்” விழுந்தேன் என்றால் ‘விழப் பார்த்தேன், ஆனால் விழவில்லை’ என்று அர்த்தம். உங்கள் டச்சில் அதே சொல்லுக்கு ‘மட்டுமட்டாக’, ‘மிகக் குறைவாக’ என்று பொருள். நீங்கள் எழுதும் மருத்துவக் குறிப்பில் என் நோயாளி கீழே கிடப்பார்.

ராட்டர்டாம்_ராஜன்: ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆடாதீர்கள். போன வருஷம் விசா இழையிலும் இப்படித்தான் ஒரே சொல்லில் தொங்கினீர்கள்.

பார்ல்_பாரதி: விசா இழையில் நீங்கள் சொன்னதை நம்பித்தான் என் தம்பி இரண்டு மாதம் அலைந்தான். அதைப் பேசலாமா?

டர்பன்_மருமகள்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மாமனார் டர்பனில் பிறந்தவர், பள்ளியில் ஆப்ரிக்கான்ஸ் படித்தே ஆக வேண்டியிருந்தது. அவர் சொல்வது: வயதில் மூத்தவரிடம் ‘யெய்’யும் கிடையாது, ‘ஜெய்’யும் கிடையாது. “ஊம்”, “டானி” என்றுதான் கூப்பிட வேண்டும், நம் மாமா, அத்தை மாதிரி. பாரதியின் நோயாளிகள் முதியவர்கள்தானே? அப்புறம் இந்தச் சண்டை எதற்கு?

பிரிட்டோரியா_பெருமாள்: ஊம், டானி எல்லாம் எனக்கும் தெரியும். கேள்வி அது இல்லை. ‘யெய்’யா ‘ஜெய்’யா?

திருச்சி_தமிழன்: அந்த மொழியே எதற்கு என்று கேட்கிறேன். 1976 ஜூன் 16 அன்று சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் ஆப்ரிக்கான்ஸ் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கி, துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1965ஐப் பார்த்த நாம் அதைக் காசு கொடுத்துக் கற்பதா?

பார்ல்_பாரதி: திணித்தது அரசு. என் டீச்சரின் பாட்டி திணிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே கேப் டவுன் முஸ்லிம்கள் இதை அரபு எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாயிலும் வளர்ந்த மொழி இது. அந்த அடிமைகளில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களும் உண்டு.

வடசென்னை_வேலு: அப்படிப் போடு! ஆப்ரிக்கான்ஸில் கட்டிலுக்கு ‘காட்டெல்’ என்று படித்திருக்கிறேன். நம்ம கட்டில்தான்!

ராட்டர்டாம்_ராஜன்: போர்ச்சுக்கீசியம் வழியாகப் போனது. நேராகத் தமிழிலிருந்து இல்லை.

வடசென்னை_வேலு: வழியில் எங்கே படுத்துவிட்டுப் போனால் என்ன, கட்டில் யாருடையது?

ராட்டர்டாம்_ராஜன்: வழிதான் முக்கியம். மொழியியல் தெரியாமல் பேசாதீர்கள்.

பிரிட்டோரியா_பெருமாள்: இழையைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டீர்கள். நான் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். பாடத்தை நோயாளிக்கு ஏற்றபடி மாற்றுவது, தனி கவனம், எல்லாம் சரி. அடிப்படை உச்சரிப்பே ‘ஜெய்’ என்றால் அவர் எப்படித் தாய்மொழி ஆசிரியர்? என் அலுவலகத்தில் ஒருவர்கூட ‘ஜெய்’ என்பதில்லை. ஒருவர்கூட!

டர்பன்_மருமகள்: உங்கள் அலுவலகம் பிரிட்டோரியாவில் இருக்கிறது. அவர் வேலை பார்ப்பது பார்லில்.

பிரிட்டோரியா_பெருமாள்: பார்லில்தான் 1975ல் அந்த மொழிக்கே நினைவுச்சின்னம் கட்டினார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு ‘ஜெய்’யா?

பார்ல்_பாரதி: அந்தச் சின்னத்தைப் பார்த்துக்கொண்டேதான் என் டீச்சர் வளர்ந்தார். இன்னொன்று, இந்த மொழியில் ‘நீ’ என்றால் ‘இல்லை’. ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை வரும்: “எக் ப்ராட் நீ ஆப்ரிக்கான்ஸ் நீ”, அதாவது ‘நான் ஆப்ரிக்கான்ஸ் பேசுவதில்லை’. உங்களுக்கு என் பதிலும் அதுதான் சார். நீ, நீ.

பிரிட்டோரியா_பெருமாள்: மரியாதை! ஒருமையில் பேசுவதை நிர்வாகி கவனிக்கவும்.

வடசென்னை_வேலு: சார், அது ஆப்ரிக்கான்ஸ் ‘நீ’.

பிரிட்டோரியா_பெருமாள்: எந்த ‘நீ’யாக இருந்தாலும் சரி. அடுத்த வகுப்பில் உங்கள் டீச்சரை ‘யெய்’ என்று ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லிப் பதிவு செய்து இங்கே போடுங்கள். சொல்ல மாட்டார். பந்தயம்.

பார்ல்_பாரதி: எழுத்து ஆப்ரிக்கான்ஸ் வகுப்பில் அவர் ‘யெய்’ என்றுதான் சொல்லித் தருகிறார். பேச்சு வகுப்பில்தான் ‘ஜெய்’. இரண்டும் தெரிந்தவர் அவர். உங்களுக்கு ஒன்றுதான் தெரியும்.

பிரிட்டோரியா_பெருமாள்: ஆக, ‘ஜெய்’ என்கிறார். நன்றி.

ராட்டர்டாம்_ராஜன்: காட்டெல் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.