ஸ்கிட்பேடில் பக்கவாட்டு ஜி கூடுதலாக வருகிறது: ஐஎம்யு தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். ஃபார்முலா ஸ்டூடண்ட் (மாணவர்கள் தாங்களே கட்டும் பந்தயக் கார்களுக்கான போட்டி) கார், சிங்கிள் சிலிண்டர் இன்ஜின். ஐஎம்யு, அதாவது முடுக்கமும் சுழற்சியும் அளக்கும் சென்சார், எம்பியு-6050; அதைப் படிக்க இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர், பதிவு செய்ய எஸ்டி கார்டு. சென்சாரை ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே, காரின் ஈர்ப்பு மையத்தை ஒட்டி, 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் பொருத்தியிருக்கிறோம்.

ஸ்கிட்பேடில் (எட்டு வடிவில் இடமும் வலமும் வட்டமடிக்கும் சோதனைப் பாதை) நடுப்பாதையின் ஆரம் 9.125 மீ. ஒரு சுற்று 5.5 விநாடி என்றால் பக்கவாட்டு முடுக்கம் 1.21 ஜி வர வேண்டும். லாக்கில் 1.35 காட்டுகிறது. இடச்சுற்று, வலச்சுற்று இரண்டிலும் அதே அளவு கூடுதல், அதனால் ஆஃப்செட் பிழை (ஒரே திசையில் நிலையாகச் சேரும் பிழை) இல்லை. யா ரேட் (கார் திரும்பும் வேகம்) நொடிக்கு 65 டிகிரி, கணக்கோடு பொருந்துகிறது.

வழக்கமான சந்தேகங்களைப் பார்த்தாயிற்று. 6000 ஆர்பிஎம்மில் இன்ஜின் அதிர்வு சரியாக 100 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸில் சாம்பிள் எடுத்தால் அது நிலையான ஜி போலவே லாக்கில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் 1000 ஹெர்ட்ஸ் சாம்பிளிங், சென்சாரின் உள் ஃபில்டர் 44 ஹெர்ட்ஸ் (அதற்கு மேலான அதிர்வைக் குறைக்கும்). அதிர்வின் உச்சம் வெட்டுப்படாமல் இருக்க ரேஞ்ச் ±8 ஜி. எஸ்டி கார்டு எழுதும்போது தடங்குவதால் இரட்டை பஃபர் (ஒன்று எழுதப்படும்போது மற்றொன்று நிரம்பும் தற்காலிக நினைவகம்).

பாடி ரோல் (வளைவில் காரின் உடல் பக்கவாட்டில் சாய்வது) 1.5 டிகிரிக்குப் புவியீர்ப்பு சேர்ப்பது 0.03 ஜிதான். மீதி 0.11 எங்கிருந்து வருகிறது? தகடு வளைகிறது என்பது என் வலுவான சந்தேகம். 6 டிகிரி சாய்ந்தாலே அவ்வளவு வந்துவிடும். ரோல் கைரோ காட்டும் சாய்வு வேகத்தைத் தொகையிட்டுச் சாய்வைக் கண்டுபிடித்தால் இரண்டு சுற்றுக்கு, அதாவது 11 விநாடிக்கு, ட்ரிஃப்ட் (சிறு பிழை மெல்லச் சேர்ந்து வளர்வது) தாங்குமா? இல்லை, இருபுறமும் லேசர் உயரமானி வைப்பதுதான் நம்பகமா? செய்து பார்த்தவர்கள் மவுண்ட் படமும் ஃபில்டர் அமைப்பும் பகிர்ந்தால் பெரிய உதவி.