லாக் போட்டதில் அடிமானம் மாறிப்போன கணக்குகள்: பார்த்ததைச் சொல்லுங்க

ஆரல்வாய்மொழி காத்தாடி
முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைக் கணக்கு ஒண்ணு, எக்செல்ல. இன்னும் உறுத்துது. 10 மீட்டர் உயரத்துல காத்து விநாடிக்கு 6 மீட்டர், தரைச் சொரசொரப்பு 0.03 மீட்டர். 80 மீட்டருக்கு லாக்(80/0.03) ÷ லாக்(10/0.03)னு விகிதம் போட்டு 8.15னு வந்தாச்சு, சரியான விடை. அடுத்த கட்டம் உராய்வு வேகம் (தரை உரசல் காத்தை எவ்வளவு இழுக்குதுன்னு காட்டுற அளவு): 0.4 × 6 ÷ லாக்(10/0.03). வந்தது 0.95. வரவேண்டியது 0.41! எக்செல்ல வெறும் லாக்னா அடிமானம் (எந்த எண்ணோட அடுக்கா பார்க்கிறோம்கிறது, அதாவது பேஸ்) 10, எல்என்னாதான் ஈ (2.718). முதல் விடை குருட்டாம்போக்கில் சரியானதால ரெண்டாவதை யாரும் திரும்பிப் பார்க்கல.

மார்த்தாண்டம் டியூஷன்
குருட்டாம்போக்கு இல்ல அண்ணாச்சி. லாக்கை லாக்கால வகுத்தா மேலயும் கீழயும் அதே 2.3026 (10-ஓட எல்என்) நின்னு அடிபட்டுப் போயிரும், எந்த அடிமானமும் ஒரே விடைதான். உராய்வு வேகத்துல லாக் தனியா நிக்குது. அந்த 0.4 இயல் மடக்கைக்குன்னே (எல்என்) அளந்த மாறிலி, அதான் மாட்டுச்சு.

பிளஸ் டூ வேதியியல்ல இதுக்கு நேர் எதிரான தப்பு வரும். முதல் வகை வினைக்கு மாறிலி = 2.303/டி × லாக்(ஆரம்ப அளவு/மிச்ச அளவு), டி-ன்னா நேரம். அந்த 2.303தான் 10ஐ ஈ-க்கு மாத்துது. 30 நிமிஷத்துல பாதி தீர்ந்தா மாறிலி 0.0231. கால்குலேட்டர்ல எல்என் அமுக்கி, 2.303ஐயும் பெருக்கினா 0.0532. மாத்தினதையே மறுபடி மாத்தின கதை.

குலசேகரம் ரப்பர்பால்
அமோனியா கலந்த பாலுக்கு பிஎச் 23னு ஒரு ரிப்போர்ட். 14 தாண்டினப்பவே நிறுத்தியிருக்கணும். பிஎச்-ங்கிறது ஹைட்ரஜன் அயனிச் செறிவோட லாக், குறி மாத்தினது. செறிவு 10இன் அடுக்கு −10, விடை 10. பைத்தான்ல வெறும் லாக்னு எழுதினா அது ஈ, அதான் 23.03. பிஎச்-சுக்கு லாக்10னு எழுதணும். "அமோனியா ஒரு பேஸ்"ங்கிறதுல வர்ற பேஸ் காரம். லாக்கோட பேஸுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.

தக்கலை பைனரி
ஆனா எண்முறையோட பேஸுக்கு நல்ல உறவு உண்டு. 2இன் அடுக்கு 100ல எத்தனை இலக்கம்? அடிமானம் 10ல 2-ஓட லாக் 0.30103. 100 × 0.30103 = 30.103. முழுப்பகுதியோட ஒண்ணு கூட்டினா 31. அதையே பைனரியில எழுதினா அடிமானம் 2ல லாக் 100, ஒண்ணு கூட்டி 101 பிட். எந்த எண்முறையில எழுதுறமோ அந்த அடிமானத்துலதான் லாக் எடுக்கணும். எல்என்னை வச்சு இலக்கம் எண்ணினா 69.3 வரும், அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

கேக்காமலே ஒரு யோசனை. புது கால்குலேட்டரோ மென்பொருளோ எது கையில வந்தாலும் முதல்ல 10க்கு லாக் போடுங்க. 1 வந்தா அடிமானம் 10, 2.3026 வந்தா ஈ, 3.3219 வந்தா 2. வந்ததை ஷீட்டோட முதல் கட்டத்துலயே எழுதி வைங்க. வேற எதுலயாவது சூத்திரத்தை ஒட்டும்போது மறுபடி 10 போட்டுப் பாருங்க. மென்பொருள் மாறினா அர்த்தமும் மாறும்.

ஆரல்வாய்மொழி காத்தாடி
டியூஷன் சார் சொன்னது சரிதான். அப்போ மாறிலி பக்கத்துல இருக்கிற கட்டத்தை மட்டும் எல்என்னா மாத்தினா போதும், விகிதத்தைத் தொட வேண்டாம்.