எல் சால்வடோரில் கொலை குறைந்தது யாரால்?

கரிசல்காரன்:
2015இல் மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் லட்சம் பேருக்கு 103 கொலைகள். 2023இல் அரசுக் கணக்குப்படி 2.4. வறுமை, படிப்பின்மை என்று ஆயிரம் காரணம் அடுக்கியவர்கள் எங்கே? அந்த நாட்டின் வறுமை எட்டு ஆண்டில் ஒழிந்துவிடவில்லை. அதிபர் புக்கேலே குற்றக் கும்பல்காரர்கள் என்று 70,000 பேருக்கு மேல் பிடித்து உள்ளே போட்டார், கொலை நின்றது.

நெய்தல்:
நடுவில் இருக்கும் ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிட்டீர்களே ஐயா! 2018இல் 50 அளவுக்கு இறங்கியாயிற்று. புக்கேலே வந்தது 2019 ஜூனில். நீங்கள் சொல்லும் கைதுகளுக்கு வழிவிட்ட நெருக்கடி நிலை 2022 மார்ச்சில். 2021இலேயே விகிதம் 18தான்.

கரிசல்காரன்:
அந்த 18 வந்த வழி தெரியுமா? கும்பல்களோடு அரசு ரகசியப் பேரம் நடத்தியதாக அமெரிக்கக் கருவூலத் துறையே 2021 டிசம்பரில் சொன்னது (அரசு மறுத்தது, மறுக்காமல் என்ன செய்யும்?). 2022 மார்ச்சில் கும்பல்காரர்கள் மூன்றே நாளில் 87 பேரைக் கொன்றார்கள். 2012இல் கும்பல்கள் தங்களுக்குள் செய்துகொண்ட சமரசமும் இதே கதை. கொலை ஏறக்குறையப் பாதியானது; சமரசம் முறிந்தபின் 103. குறைப்பதும் கூட்டுவதும் கும்பலின் கையில் இருந்தது என்பதுதான் என் வாதமே.

வழிப்போக்கன்:
வறுமையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நிகராகுவா இதைவிட ஏழை நாடு, அங்கும் உள்நாட்டுப் போர் நடந்தது. ஆனாலும் கொலை விகிதம் இவ்வளவு ஏறியதில்லை. எல் சால்வடோரின் பெரிய கும்பல்களான எம்எஸ்-13, பாரியோ 18 இரண்டும் லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்தவை. 1992இல் போர் ஓய்ந்த எல் சால்வடோருக்கு அமெரிக்கா அந்தக் கும்பல்காரர்களை நாடு கடத்தியது. நிகராகுவாக்காரர்கள் பெரும்பாலும் போனது மயாமிக்கும் கோஸ்டாரிக்காவுக்கும்.

நெய்தல்:
நல்ல எடுத்துக்காட்டு. கரிசல் ஐயாவுக்கு இன்னொன்று: போலீஸ் சுட்டுக் கொன்ற கும்பல்காரர்கள் அந்த 2.4இல் இல்லை. சிறைக்குள் செத்தவர்களும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

கரிசல்காரன்:
எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 103இன் பக்கத்தில்கூட வராது. தலைநகர் சான் சால்வடோரில் பஸ் ஓட்டக் கும்பலுக்கு ‘ரெந்தா’ என்ற மாமூல் கட்ட வேண்டியிருந்தது. கட்டாதவரைச் சுட்டார்கள்.

நெய்தல்:
சரி. பக்கத்து நாடான ஹோண்டுராஸும் 2022 டிசம்பரில் நெருக்கடி நிலை அறிவித்தது. 2023இல் அங்கே கொலை விகிதம் ஏறத்தாழ 31. ஏன்?

கரிசல்காரன்:
சில பகுதிகளில் மட்டும் அறிவித்தார்கள். அரைக் கிணறு தாண்டினால் அப்படித்தான்.

நெய்தல்:
அப்படியென்றால் 2015க்கும் 2018க்கும் நடுவில் பாதியாகக் குறைந்ததே, அந்தக் கிணற்றைத் தாண்டியது யார்? இன்னும் பதில் வரவில்லை.