புதுப்பிப்பு: டேப்லட்டில் இழுபட்டுக் கிடந்த என் செயலி

சிங்கப்பூர் தேக்காவில் மாமா நடத்தும் மளிகைக் கடைக்கு நான் எழுதிய ஆர்டர் செயலியைப் பற்றிப் போன மாதம் புலம்பியிருந்தேன். போனில் நன்றாக ஓடுகிறது. டேப்லட்டில் பொத்தான்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீள்கின்றன, திருப்பினால் பாதி தட்டிய ஆர்டர் காணாமல் போகிறது என்று.

என் முதல் தப்பு, "இது டேப்லட்டா?" என்று செயலியைக் கேட்க வைத்தது. பார்க்க வேண்டியது சாளரத்தின் அகலத்தை. ஆண்ட்ராய்டில் அது 600 டிபிக்குக் (dp, எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும் நீள அலகு) குறைந்தால் போன் அமைப்பு. 840-ஐத் தொட்டால் இரண்டு பத்தி: இடப்பக்கம் பொருள் பட்டியல், வலப்பக்கம் தொட்ட பொருளின் விவரம். நடுவில் இருப்பதற்கு ஒற்றைப் பத்திதான், ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு. திரையைப் பிரித்துப் பக்கத்தில் வாட்ஸ்அப்பை வைத்தால் (மாமா அப்படித்தான் வைப்பார்) செயலி தானே போன் அமைப்புக்கு மாறிவிடுகிறது.

ஆர்டர் மறைந்ததற்குக் காரணம், திருப்பும்போது ஆக்டிவிட்டி (செயலியின் திரையைத் தாங்கும் பகுதி) அழிந்து புதிதாக உருவாவது. எண்ணிக்கைகளை, திருப்பினாலும் அழியாமல் தரவை வைத்திருக்கும் வியூமாடலுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. "நிமிர்ந்த நிலையிலேயே பூட்டிவிடு" என்ற நண்பருக்கு: ஆண்ட்ராய்டு 16-க்காகக் கட்டும் செயலியில், குறுகிய பக்கமே 600 டிபி இருக்கும் திரை அந்தப் பூட்டை இயல்பாகக் கண்டுகொள்ளாது.

நேற்று மாமா அரிசி மூட்டை 12 என்று தட்டி, டேப்லட்டைத் திருப்பிக் காட்டினார். 12 அப்படியே இருந்தது.

"சரி, எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்குடா" என்றார். அடுத்து அதுதான்.