மழைத்தண்ணியோட குப்பை கடலுக்குப் போறதை எப்படித் தடுக்கலாம்?

மண்டபத்துப் பையன்: ஐப்பசி மழை விழுந்தா தெருவுல கெடக்குற பால் கவரு, டீ கப்பு, படகு ரிப்பேர் பண்ற எடத்து ஆயிலு எல்லாம் வாய்க்கா வழியா நேரா கடலுக்குத்தான் போகுது, தெருக்காரங்களா சேந்து எதாச்சும் செய்யலாமா?

பாம்பன்காரன்: செய்யலாம் தம்பி. புரட்டாசிலயே தூர் வாரிருங்க, வாருன மண்ணைக் கரையில போட்டா அடுத்த மழைக்குத் திரும்ப உள்ளதான் விழும், அன்னைக்கே அள்ளிரணும். வாய்க்கா முடியுற எடத்துல பழைய வலைய இறுக்கிக் கட்டுங்க, மழையில அப்பப்ப குப்பைய அள்ளலேன்னா தண்ணி தெருவுக்கு ஏறிரும்.

தொண்டி அக்கா: வலையில ஆயில் நிக்காதுப்பா, அதை ஒர்க்‌ஷாப்லயே கேன்ல புடிச்சு வைக்கச் சொல்லணும். கலங்கல் தண்ணி வெயில மறைச்சா கடல்புல்லு வளராது, கடல்பசுவுக்கு அதுதான் சாப்பாடு. உங்க மன்னார் வளைகுடாவுல 21 தீவும் தேசியப் பூங்காவாச்சே!

மண்டபத்துப் பையன்: சரிக்கா, சங்கத்துல பேசுறேன்.