"நான்" இல்லை என்றால் வீடு திரும்பியது யார்? பத்து நாள் தியானத்துக்குப் பின் ஒரு கேள்வி

அகல்விளக்கு:
சென்ற மாதம் பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போய் வந்தேன். முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு. நான்காம் நாளிலிருந்து உச்சந்தலை முதல் பாதம் வரை உடலின் உணர்ச்சிகளைக் கவனித்தல். எட்டாம் நாள் பிற்பகல், அசையாமல் ஒரு மணி நேரம் அமரும் வேளையில், உடலின் திடம் முழுவதும் கரைந்துவிட்டது. நுண்ணிய துடிப்புகள் மட்டுமே மிச்சம். இதையெல்லாம் கவனிப்பவள் எங்கே என்று உள்ளே திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

முதலில் பேரமைதி. சில நிமிடங்களில் அது அச்சமாக மாறியது. ஆசிரியரிடம் சொன்னபோது, "அதுவும் அனிச்ச, நிலையாதது. சமநிலையோடு கவனியுங்கள்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

வீடு திரும்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. நான்கு வயது மகனுக்குச் சோறு ஊட்டும்போது கை தானாக இயங்குவதைத் தள்ளி நின்று பார்க்கிறேன். அவன் "அம்மா" என்று கூப்பிட்டால் ஒரு கணம் தாமதமாகத் திரும்புகிறேன். யாரைக் கூப்பிடுகிறான் என்று புரியாமல் இருக்கும் அந்த ஒரு கணம் என்னை வதைக்கிறது.

நான் கண்டதுதான் என் உண்மை இயல்பா? அப்படியானால் அது ஏன் இப்படி இருக்கிறது?

ஈராறு:
அகல்விளக்கு அவர்களே, "என் உண்மை இயல்பு" என்ற சொற்றொடரைத்தான் முதலில் கீழே வைக்க வேண்டும். சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்குப் புத்தர் ஆற்றிய இரண்டாம் உரையே இதைப் பற்றியதுதான். உடல் "நான்" என்றால், அது நோயுறாமல் இருக்கட்டும் என்று நான் ஆணையிட முடிய வேண்டும். முடியவில்லை. உணர்ச்சிக்கும் அப்படியே, எண்ணத்துக்கும் அப்படியே. நமக்கு இது புதிய செய்தியும் அல்ல. "உருவு நுகர்ச்சி குறிப்பே பாவனை உள்ள அறிவு" என்று, மனிதனாகச் சேரும் கூறுகளான ஐந்து கந்தங்களை மணிமேகலை தமிழிலேயே எண்ணிக் கொடுத்துவிட்டது. இந்த ஐந்தையும் தேடிப் பார்த்தீர்கள், உரிமையாளர் இல்லை. சரியாகவே கண்டிருக்கிறீர்கள்.

அச்சமும் வழியில் வருவதுதான். புத்தகோசரின் தியான வழிநூலான விசுத்திமக்கத்தில், எல்லாம் கரைவதைக் காணும் பங்க ஞானத்துக்கு அடுத்த படி பய ஞானம். அதற்கும் முன்பே ஒளி, பேரின்பம், அமைதி போன்ற பத்துக் கறைகளை அவர் பட்டியலிடுகிறார். பத்தாவது நிகந்தி, அந்த அனுபவத்தின் மேல் வரும் நுண்ணிய பற்று. முதலில் வந்த பேரமைதியை "என் உண்மை இயல்பு" என்று பிடித்துக்கொள்ள நினைத்தீர்களே, அந்தப் பிடிதான் அது. அமர்வதை நிறுத்தாதீர்கள். பாதி ஆற்றில் நிற்கக் கூடாது.

செவிலி:
ஈராறு அவர்களே, உங்கள் படிப்பை மதிக்கிறேன். ஆனால் கடைசி இரண்டு வரிகளைக் கடுமையாக மறுக்கிறேன். நான் பதினான்கு ஆண்டுகளாகத் தியானம் செய்பவள், தொழிலால் செவிலியர். மூன்று வாரமாகத் தன்னிலிருந்து விலகி நிற்கும் ஒரு தாயிடம், நேரில் பார்க்காமல், "தொடர்ந்து அமருங்கள்" என்று சொல்வது பொறுப்பான பேச்சு அல்ல. பய ஞானமா, உடலும் மனமும் தாங்காமல் போன நிலையா என்பதை இங்கிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அகல், நீண்ட நேரம் கண்மூடி அமர்வதை இப்போதைக்கு நிறுத்துங்கள். நடங்கள். வயிறாரச் சாப்பிடுங்கள். முகாமில் மாலையில் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும்தான் தருவார்கள். அந்தப் பழக்கத்தை வீட்டில் தொடராதீர்கள். இரவில் தூங்குகிறீர்களா என்று சொல்லுங்கள். ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மருத்துவரைப் பார்ப்பதால் நீங்கள் கண்டது பொய்யாகிவிடாது.

மலைமூங்கில்:
செவிலி அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள். அதன் பிறகு ஈராறு ஐயாவுடன் ஒரு வழக்கு இருக்கிறது.

கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் உள்ள போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையத்தில் சில பருவங்கள் அமர்ந்திருக்கிறேன். ஜென் மரபு "உன் இயல்பைக் கண்டு புத்தனாகு" என்றே சொல்கிறது. விறகு வெட்டிப் பிழைத்த, எழுதப் படிக்கத் தெரியாத சீனர் ஹுயிநெங் மடத்தில் எட்டு மாதங்கள் நெல் குத்திக்கொண்டிருந்தார். தலைமைச் சீடர் ஷென்சியு, மனம் ஒரு கண்ணாடி, அதில் தூசு படியாமல் ஓயாது துடைக்க வேண்டும் என்று பாடினார். ஹுயிநெங்கின் மறுமொழி: கண்ணாடியே இல்லாதபோது தூசு எங்கே படியும்? ஆறாம் குலகுருவானவர் அவர்தான்.

ஈராறு ஐயா பேசும் பாலி மரபான தேரவாதம் உங்களைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டிவிட்டு அங்கேயே விட்டுவிடுகிறது. பிரித்த பின் எஞ்சுவதை அது பேசுவதில்லை. "எல்லா உயிர்க்கும் புத்த இயல்பு உண்டு" என்பது ஐயாவுக்கு வேண்டாத சுமையாகத் தெரியலாம். அகலைப் போன்றவர்களுக்கு அது காலுக்கு அடியில் தரை.

ஈராறு:
தரை என்று சொன்னீர்கள். அதுதான் என் அச்சம். தரை கிடைத்துவிட்டால் எல்லோரும் அதில் வீடு கட்டிவிடுவார்கள்.

உங்கள் மரபுக்குள்ளேயே இந்த இடத்தில் நடுக்கம் இருக்கிறது. நீங்கள் சொன்ன பாடலில் புகழ்பெற்ற வரி, "ஆதியிலிருந்தே ஒரு பொருளும் இல்லை" என்பது. சீனத்தின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த, நம்மிடம் இருப்பதிலேயே பழைய சுவடியில் அந்த வரி இல்லை. அங்கே இருப்பது "புத்த இயல்பு என்றும் தூயது" என்ற பொருள் தரும் வரி. ஒன்று "இருக்கிறது" என்கிறது, மற்றது "எதுவும் இல்லை" என்கிறது. பின்னால் வந்தவர்கள் அந்த "இருக்கிறது" ஆன்மாவாகக் கெட்டிப்பட்டுவிடும் என்று உணர்ந்துதானே வரி மாறியிருக்க வேண்டும்?

ஜென் மரபு போற்றும் லங்காவதார சூத்திரத்திலும் மகாமதி என்ற போதிசத்துவர் புத்தரிடம் இதே கேள்வியைக் கேட்கிறார்: ததாகதகர்ப்பம், அதாவது எல்லோருக்குள்ளும் இருக்கும் புத்த இயல்பு, என்று நீங்கள் சொல்வது பிற சமயத்தார் சொல்லும் ஆன்மாதானே? இல்லை, அனான்மம் ("ஆன்மா இல்லை") என்றதும் அஞ்சுகிறவர்களின் அச்சம் நீங்கச் சொன்ன வழி அது என்பதுதான் அங்கே புத்தர் தரும் பதில். உங்கள் நூலே அதை மருந்து என்கிறது. மருந்தை உணவாக்கிக்கொள்ளலாமா?

அருணைவாசி:
நீங்கள் இருவரும் சீனம் வரை போய்விட்டீர்கள். திருவண்ணாமலை பக்கத்தில்தான் இருக்கிறது. ரமணரின் "நான் யார்?" இதே வழியில்தான் நடக்கிறது. உடல் நானல்ல, புலன்கள் நானல்ல, மனமும் நானல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளிய பின் தனித்து நிற்கும் அறிவே நான். அகல், உள்ளே யாரும் இல்லை என்று கண்டது எது? அந்த "இல்லை"யையும் அறிந்த ஒன்று இருந்ததால்தானே இன்று அதை எழுதுகிறீர்கள்? அச்சப்பட ஒன்றுமில்லை. இழந்தது அகந்தை, நீங்கள் அல்ல.

ஈராறு:
அருணைவாசி ஐயா, ரமணரை நானும் வணங்குகிறேன். ஆனால் ஒன்று என்று சொல்ல முடியாததை ஒன்று என்று சொல்லக் கூடாது. கடைசிப் படி வரை இரண்டு பாதையும் அருகருகே போகின்றன. கடைசிப் படியில் அவர் "அறிவே நான்" என்கிறார். புத்தர் அறிவையும் ஐந்தாவது கந்தமாக எண்ணி, அதுவும் நானல்ல என்கிறார். மீனவர் மகனான சாதி என்ற பிக்கு, ஒரே அறிவுதான் பிறவிதோறும் ஓடுகிறது என்று சொன்னதற்காகச் சபை நடுவே கண்டிக்கப்பட்டார். கண் இருந்து உருவம் இருந்தால் கண்ணறிவு, செவியும் ஒலியும் இருந்தால் செவியறிவு. விறகில் எரிந்தால் விறகுத் தீ, புல்லில் எரிந்தால் புல் தீ. விறகும் புல்லும் இல்லாமல் தனியாக நிற்கும் தீ எது?

அருணைவாசி:
அப்படியானால் ஆன்மா இல்லை என்று புத்தர் நேராகச் சொல்லியிருக்கலாமே. வச்சகோத்தர் என்ற துறவி வந்து "ஆன்மா உண்டா?" என்று கேட்டபோது பேசவில்லை. "இல்லையா?" என்று கேட்டபோதும் பேசவில்லை. அந்த மௌனத்தை "இல்லை" என்று மொழிபெயர்க்க உங்களுக்கு உரிமை தந்தது யார்?

கந்தரோடை:
வாசித்துக்கொண்டு மட்டும் இருக்க நினைத்தேன், முடியவில்லை. நான் யாழ்ப்பாணத்துக்காரன். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்கள் கந்தரோடையில் பழைய சிறு தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. பிள்ளையாக இருந்தபோது அவற்றைச் சுற்றி நடந்திருக்கிறேன். பின்னாளில் பௌத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே உடல் இறுகும் நிலைக்கு வந்தேன். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

உங்கள் இரு தரப்புக்கும் ஒரு கேள்வி. 1959இல் இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்டவர் அனான்மம் கற்ற மரபின் பிக்கு. ஜப்பானில் "இயல்பைக் கண்ட" ஜென் குருமார் போரை வாழ்த்தினார்கள். சோத்தோ பிரிவு 1992இலும், மியோஷின்ஜி மடத்தைத் தலைமையாகக் கொண்ட ரின்சாய் பிரிவு 2001இலும் அதற்காக வருத்தம் தெரிவித்தன. "நான் இல்லை" என்பதும் கையைத் தடுக்கவில்லை, "தூய இயல்பு உண்டு" என்பதும் தடுக்கவில்லை. கொல்லப்படுகிறவனுக்கும் உரிமையாளர் இல்லை என்று அந்தப் போதனையைத் திருப்பிப் பேசவும் ஆட்கள் இருந்தார்கள். ஆகவே எது சரியான இயல்பு என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லும்போது, அதைக் கண்டவர் மறுநாள் காலை என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தன் மகன் கூப்பிட்டால் தாமதமாகத் திரும்புகிறோமே என்று இந்தத் தங்கை வருந்துகிறாள். இங்கே எழுதப்பட்ட எல்லாவற்றிலும் எனக்கு அந்த வருத்தம்தான் தர்மத்துக்கு அருகில் இருப்பதாகத் தெரிகிறது.

மலைமூங்கில்:
கந்தரோடை அண்ணா, ஜென்னைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். மரபை நேசிப்பவன் அந்தக் கறையையும் சேர்த்தே சுமக்க வேண்டும். இயல்பைக் கண்டேன் என்பவர் சீலத்தை "தொடக்கநிலைக்கானது" என்று ஒதுக்கினால் அங்கேயே வழி தவறிவிட்டது.

ஈராறு ஐயா, நீங்கள் சொன்ன சுவடிச் செய்தி உண்மை. எனக்கு அது நடுக்கமாகத் தெரியவில்லை. எங்களுக்கு முதலில் தரப்படும் கோவான், அதாவது தியானப் புதிர், என்ன தெரியுமா? "நாய்க்குப் புத்த இயல்பு உண்டா?" குரு ஜாவோஜோவின் பதில்: "இல்லை." எல்லா உயிர்க்கும் உண்டு என்று சூத்திரம் சொல்லும்போது குரு இல்லை என்கிறார். அந்த "இல்லை"யோடு சிலர் ஆண்டுக்கணக்கில் அமர்கிறார்கள். உண்டு என்ற பக்கமும் இல்லை என்ற பக்கமும் கையை விட்டுப் போகும் வரை அமர்கிறார்கள். வச்சகோத்தருக்கு முன் இருந்த மௌனமும் இதுவும் தூரத்து உறவு அல்ல.

பாலி நூலிலேயே வீணைக் கதை இருக்கிறது. அரசன் ஒருவன் வீணை இசையில் மயங்கி, அந்த ஒலியைக் கொண்டுவாருங்கள் என்கிறான். வீணையைக் கொண்டுவருகிறார்கள். அதைப் பத்தாக, நூறாகப் பிளந்து, எரித்துச் சாம்பலாக்கித் தூற்றியும் ஒலி கிடைக்கவில்லை. அகல், எட்டாம் நாள் நீங்கள் வீணையைப் பிளந்து பார்த்தீர்கள். உள்ளே ஒலி இல்லை என்றதும், இசையே நடக்கவில்லை என்று நினைத்துவிட்டீர்களோ?

ஈராறு:
வீணைக் கதையை நானே சொல்லியிருக்க வேண்டும். "நான்" என்பது எந்தத் துண்டிலும் இல்லை என்று காட்டத்தான் அந்தக் கதை. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் தண்டும் தோலும் நரம்பும் வாசிப்பவரின் முயற்சியும் சேர்ந்தால் ஒலி உண்டு என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. நான் முதல் பாதியை மட்டுமே எழுதினேன்.

அருணைவாசி ஐயா, வச்சகோத்தர் போன பிறகு ஆனந்தர் காரணம் கேட்கிறார். உண்டு என்றிருந்தால் நிலைவாதிகளோடும், இல்லை என்றிருந்தால் அழிவுவாதிகளோடும் சேர்ந்திருப்பேன் என்கிறார் புத்தர். அதோடு நிற்கவில்லை. "முன்பு எனக்கு இருந்த ஆன்மா இப்போது இல்லாமல் போய்விட்டது" என்று ஏற்கெனவே குழம்பியிருந்த வச்சகோத்தர் இன்னும் குழம்பியிருப்பார் என்கிறார். நேற்றிரவு அதைத் திரும்பவும் படித்தேன். எதிரில் இருப்பவர் யார் என்று பார்த்துப் பேசாமல் இருந்திருக்கிறார். நான் அகலின் கேள்வியைப் படித்தேன், அகலைப் பார்க்கவில்லை. "பாதி ஆற்றில் நிற்கக் கூடாது" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

"அறிவே நான்" என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை, ஐயா.

அருணைவாசி:
ஏற்க வேண்டாம். மௌனத்தை நீங்கள் "இல்லை" என்று மொழிபெயர்க்காதவரை எனக்குப் போதும்.

அகல்விளக்கு:
எல்லோருக்கும் நன்றி. செவிலி அக்கா, நான்கு நாட்களாகக் கண்மூடி அமரவில்லை. காலையில் மொட்டைமாடியில் செருப்பில்லாமல் அரை மணி நேரம் நடக்கிறேன். தரை சுடத் தொடங்கும் வரை. தூக்கம் மூன்று மணிக்கே கலைந்துவிடுகிறது, அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஈராறு ஐயா, மன்னிப்பெல்லாம் வேண்டாம். நான் கண்டது பொய் அல்ல என்று முதலில் சொன்னவர் நீங்கள்தான், அது எனக்குத் தேவைப்பட்டது. மலைமூங்கில் சொன்ன வீணையை நேற்று சோறு பிசையும்போது நினைத்தேன். உள்ளே யார் பிசைகிறார்கள் என்று தேடவில்லை. பருப்பு இன்னும் சூடாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது, ஊதிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அனான்மம், பங்க ஞானம் என்றெல்லாம் அவரிடம் பேச முடியாது. எந்தச் சொற்களில் சொல்வது, அக்கா?

செவிலி:
மகன் கூப்பிட்டால் ஒரு கணம் தாமதமாகத் திரும்புகிறேன் என்று இங்கே எழுதினீர்களே, அதையே சொல்லுங்கள். மூன்று மணி விழிப்பையும் சொல்லுங்கள். பத்து நாள் முகாமின் அட்டவணையை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் அமர்ந்தீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். முடிந்தால் வீட்டிலிருந்து ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.