இரண்டு மாதக் குஞ்சுகளுக்குச் சளி விட்டு விட்டு வருது, என்ன செய்யலாம்?

கொல்லைக்கோழி_உடுமலை:
வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி சிறுவிடைக் கோழி வளர்க்கிறேன். ரெண்டு மாசம் ஆன குஞ்சுகள் எல்லாமே தும்முது. ராத்திரி கூண்டுகிட்டப் போனா கொர்கொர்னு சத்தம் கேக்குது. கண்ணோரத்துல நுரை நிக்குது. ஆனா தீனி நல்லா எடுக்குதுங்க, எதுவும் சாகல. மருந்துக்கடையில கொடுத்த அமாக்சிசிலின் பவுடரைத் தண்ணியில கலந்து வச்சேன். கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, மழை பெய்ஞ்சதும் மறுபடி ஆரம்பிச்சிருச்சு. சந்தையில வாங்கின ஒரு பெட்டையும் இதுங்க கூடத்தான் இருக்கு. குளிருக்காகக் கூண்டைச் சுத்தி தார்ப்பாய் கட்டியிருக்கேன். வேற மருந்து மாத்தணுமா?

தூதுவளை:
அக்கா, கற்பூரவல்லி, தூதுவளை, மிளகு, மஞ்சள் எல்லாம் அரைச்சு சின்ன உருண்டையாக் கொடுங்க. எங்க வீட்டுல சளிக்கு இதான்.

காங்கயம்_பெரியவர்:
தம்பி சொல்ற உருண்டையைக் கொடுங்கம்மா, தப்பில்லை. ஆனா அதை மட்டும் நம்பி இருக்காதீங்க. மருந்து மாத்துறதுக்கு முன்னாடி என்ன நோய்னு தெரியணும். தும்மல் எல்லா நோய்லயும் வரும், கூட என்ன வருதுன்னுதான் பாக்கணும்.

கண்ணுல நுரை, ராத்திரி கொர்கொர், தீனி குறையாம இழுத்துக்கிட்டே போறது, மழைக்கும் குளிருக்கும் திரும்ப வர்றது... இதெல்லாம் சேர்ந்தா எனக்கு மைக்கோபிளாஸ்மான்னு தோணுது. நாள்பட்ட சுவாச நோய்னு டாக்டர்கள் சொல்றது இதைத்தான். அந்தக் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. அமாக்சிசிலின் வேலை செய்யறதே கிருமி செல்சுவர் கட்டுறதைத் தடுத்துத்தான். சுவரே இல்லாத கிருமியை அது என்ன பண்ணும்? டைலோசின், டாக்ஸிசைக்ளின் மாதிரி மருந்துக்குத்தான் இது அடங்கும். எது, எவ்வளவுன்னு கால்நடை டாக்டர் சொல்லட்டும். அவர் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்க, சத்தம் நின்னுருச்சுன்னு பாதியில நிறுத்தாதீங்க.

முகம் வீங்கி, மூக்குல வர்ற சளி நாறினா அது கொரைசாங்கிற வேற சளி நோய். பச்சையும் வெள்ளையுமாக் கழிஞ்சு, கழுத்து திருகி, மளமளன்னு செத்தா வெள்ளைக்கழிச்சல். சளியே இல்லாம கழுத்தை நீட்டி வாயைப் பொளந்து மூச்சு வாங்கினா மூச்சுக்குழாய்ப் புழுவா இருக்கலாம், மண்புழு தின்னும் வரும். பூஞ்சை பிடிச்ச உமியில படுத்த குஞ்சுக்கு வர்ற நெஞ்சு நோய்க்கு ஆன்டிபயாடிக் எதுவும் கேக்காது. ஒரு நாள்ல பல கோழி திடீர்னு செத்தா அறுத்துப் பாக்காதீங்க, கையாலயும் தொடாதீங்க, உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க. நோயோட ஒண்ணு ரெண்டு செத்தா, கெடுறதுக்குள்ள ஐஸ் வச்சு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துட்டுப் போங்க. அங்க பரிசோதனை பண்ணிச் சொல்லுவாங்க.

அடுத்து அந்தத் தார்ப்பாய். எனக்கு அதுதான் பெரிய கவலை. விடியக்காலம் கூண்டைத் திறந்ததும் கோழி உயரத்துக்குக் குனிஞ்சு மூச்சு இழுத்துப் பாருங்க. கண்ணு எரிஞ்சா எச்சத்துல இருந்து அமோனியா கட்டி நிக்குதுன்னு அர்த்தம். 25 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 25 பங்கு, தாண்டினாலே கோழிக்குக் கெடுதி. மூச்சுக்குழாய்க்குள்ள அழுக்கையும் சளியையும் வெளியே தள்ளுற நுண்ணிய முடிகள் அதுல கெட்டுப்போகும். அப்புறம் எந்த மருந்து கொடுத்தாலும் பாதிப் பலன்தான். கீழ்ப்பக்கம் மறைப்பு இருக்கட்டும், கூரையை ஒட்டி நல்லாத் திறந்து விடுங்க. ஈர உமியை அள்ளிட்டுக் காய்ஞ்ச உமி போடுங்க.

வெள்ளைக்கழிச்சலுக்குப் போடுற லசோட்டா தடுப்பு மருந்தை இன்னும் போடாம இருந்தா, நோய் இருக்கிறப்போ அவசரப்பட்டுப் போட்டுறாதீங்க. அது உயிருள்ள கிருமி மருந்து, சளி இன்னும் கூடும். தேறினப்புறம் போடலாம்.

கொல்லைக்கோழி_உடுமலை:
ரொம்ப நன்றிங்க ஐயா. காலையில குனிஞ்சு பாத்தேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. மேல் தார்ப்பாயை அவுத்துட்டேன். மதியம் டாக்டர்கிட்டப் போனேன், அவரும் மைக்கோபிளாஸ்மா மாதிரிதான் இருக்குன்னு டைலோசின் எழுதிக் கொடுத்தார். இது குணமாயிட்டா இதுங்க முட்டையை அடை வைக்கலாமா? அந்தப் பக்கம் ஒரு ஜோடி வான்கோழியும் நிக்குது.

காங்கயம்_பெரியவர்:
அடை வைக்காதீங்கம்மா. சத்தம் நின்னாலும் கிருமி உடம்புல தங்கிடும், முட்டை வழியாக் குஞ்சுக்கும் போகும். அந்தச் சந்தைப் பெட்டைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், பாத்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. மனுசனுக்கு இது ஒட்டாது. ஆனா மருந்து கொடுக்கிறப்பவும், அதுக்கப்புறம் டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் முட்டையும் கறியும் சாப்பிடவோ விக்கவோ வேண்டாம். இதுங்களை யாருக்கும் வளர்க்கவும் கொடுத்துறாதீங்க. இதுங்க முடிஞ்சப்புறம் கூண்டைக் கழுவிக் காயவச்சு, சில வாரம் சும்மா போட்டுட்டுப் புதுசு விடுங்க. கோழிக்கு வெளியில இந்தக் கிருமி ரொம்ப நாள் தாங்காது.

வான்கோழியை இன்னைக்கே தள்ளிக் கட்டுங்க. கோழியைவிட அதுக்குக் கடுமையா வரும், கண்ணுக்குக் கீழ பையாட்டம் வீங்கிப் பார்வையே மறைஞ்சிரும். காலையில முதல்ல வான்கோழிக்குத் தீனி வச்சுட்டு, அப்புறம் கோழிக்கூண்டுக்குப் போங்க. தண்ணிச் சட்டியும் செருப்பும் தனித்தனியா இருக்கட்டும்.